பிள்ளைகளைப் பின்னறைக்கு அனுப்பும் முன்: சேகரக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான, பல ஊர்க் கோவில்கள் சேர்ந்த நம் சேகரத்தின் தலைவரான போதகர் ஐயரவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், பாடகர் குழுவினருக்கும் நம் ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

கோவில் வாசல் தூணில் கமிட்டி ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். ஆராதனை நேரத்தில் செல்போன் கூடாது, சிறு பிள்ளைகளைத் தாய்மார்கள் பின்னறையில் வைத்துக்கொள்ள வேண்டும், பேச்சுச் சத்தம் கூடாது, ஆலயத்தின் பயபக்தியைக் காக்க வேண்டும் என்று நான்கு வரி. நோக்கத்தில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆராதனையில் கவனம் குறைந்துகொண்டே போகிறது என்பது உண்மை. இதைப் பற்றி யாராவது பேச மாட்டார்களா என்று நானும் காத்திருந்தவள்தான். ஆனால் அந்த நான்கு வரியும் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை. பெண்கள் பக்கத்தில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் என் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அங்கிருந்து பார்த்தால் பலிபீடம் இருக்கிற ஆல்டர் முதல் வாசல் வரை எல்லாம் தெரியும். சலசலப்பு எங்கே தொடங்குகிறது, அது எப்படிப் பின்வரிசை வரை வந்து சேருகிறது என்பதும் தெரியும். பெரும்பாலும் அது முன்னாலிருந்துதான் தொடங்குகிறது.

ஐயர் வீட்டுக்குப் போய் இதை நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்துச் சேகரங்களில் இருக்கிற ஆசிரியைகளிடம் பேசினால் அங்கேயும் இதே நிலைமைதான் என்கிறார்கள். எல்லாக் கமிட்டியாரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

சமீபத்தில் நடந்த ஒரு ஞானஸ்நானத்தைச் சொல்கிறேன். தொட்டிக்கு அருகே பெற்றோர், ஞானப் பெற்றோர், ஐயர். அவர்களுக்கும் சபைக்கும் நடுவில் வீடியோ எடுக்கிறவர், போட்டோ எடுக்கிறவர், லைட் பிடித்துக்கொண்டு ஒரு பையன். குழந்தையின் முகத்தில் அந்த வெளிச்சம் நேராக விழுந்ததும் அது வீறிட்டு அழுதது. ஐயர் கையில் தண்ணீரை அள்ளிவிட்டார். "ஐயா, ஒரு நிமிஷம், இந்தப் பக்கம் லேசா திரும்புங்க" என்றார் போட்டோ எடுக்கிறவர். ஐயரும் திரும்பினார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று சொல்லப்பட்ட அந்த நேரத்தில் சபைக்குத் தெரிந்தது இரண்டு முதுகுகள்தான். என் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களை அதட்டி உட்காரவைக்கச் சொல்லி முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எனக்குச் சைகை காட்டினார். அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம் ஞானஸ்நானத்தைப் பார்க்க ஆசைப்பட்டது.

படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிற மாமாவும் சித்தியும் பார்க்க ஆசைப்படுவார்கள், அது நியாயம். ஆசீர்வாதம் கூறி ஆராதனை முடிந்த பிறகு குழந்தையோடும் ஐயரோடும் தொட்டியருகே நின்று எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கட்டும். கல்யாணத்துக்கும், வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் திடப்படுத்தலுக்கும் இதே ஒழுங்கு போதும். ஆல்டர் கிராதிக்கு உள்ளே கேமராவோடு யாரும் போகக் கூடாது என்ற ஒரு தீர்மானத்தைக் கமிட்டி எழுதி, வீட்டாருக்கு முன்கூட்டியே, கல்யாணமென்றால் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கும்போதே, சொல்லிவிட்டால், அந்த நேரத்தில் யாரும் யாரோடும் மனஸ்தாபப்பட வேண்டியிருக்காது.

நேரலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020ஆம் வருஷம் மார்ச் மாதம் ஊரடங்கு வந்து கோவில்கள் பூட்டப்பட்டன. அந்த ஏப்ரல் 12ஆம் தேதி ஈஸ்டரை வீட்டுக்குள் கொண்டாடினோம். அப்போது வாலிபர்கள் ஓடியாடி நேரலையை ஏற்பாடு செய்தார்கள். அது பெரிய ஊழியம். படுக்கையில் இருக்கிற பெரியவர்கள் இன்றைக்கும் அதைப் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கிறார்கள், அதை நிறுத்தவே கூடாது. ஆனால் கோவிலுக்கு வர முடியாதவர்களுக்காக வந்த கேமரா, வந்திருக்கிறவர்களை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பின்தூணில் ஒரு ஸ்டாண்டில் ஒரே கேமராவை நிலையாக வைத்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஐயரும் தெரிவார், பிரசங்கமும் கேட்கும். நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்து, ஜெபிக்கிறவர்களின் மூடிய கண்களுக்கு நேராக அதைக் கொண்டுபோய்ப் பிடிக்க வேண்டிய அவசியம் என்ன? தன்னைப் படம்பிடிக்கிறார்கள் என்று தெரிந்தவுடன் யாராலும் ஜெபிக்க முடியாது. சேலைத் தலைப்பைத்தான் சரிசெய்யத் தோன்றும்.

என் மனதில் இருக்கிற முக்கியமான காரியத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். சபையாரின் கவனம் சிதறுவதற்குப் பெரிய காரணம், ஆராதனையில் அவர்களுக்கு இருந்த வேலையை ஒவ்வொன்றாக நாம் எடுத்துக்கொண்டுவிட்டதுதான். பாடுவதைப் பாடகர் குழுவான கொயர் எடுத்துக்கொண்டது. பக்கம் தேடுவதைப் பாட்டு வரிகளைக் காட்டும் திரை எடுத்துக்கொண்டது. ஜெபத்தின் அமைதியைக் கீபோர்டு எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது உட்கார்ந்து பார்ப்பது மட்டும். வேடிக்கை பார்க்கிறவனுக்குக் கண் நாலு பக்கமும் போகத்தான் செய்யும். பங்கெடுக்கிறவனுக்கு அதற்கு நேரம் இருக்காது.

நம்முடைய ஆராதனை முறையே இதைத் தெரிந்து எழுதப்பட்டதுதான். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னையில் உருவானது. அதற்கென்று தனியாக எழுதப்பட்ட திருவிருந்து, அதாவது நற்கருணை, ஆராதனை முறை 1950ல் வந்தது. அதைக் கவனித்துப் பார்த்தால், சபையார் சும்மா இருக்கும் இடமே குறைவு. எழுந்து நிற்கிறோம், முழங்காற்படியிடுகிறோம், ஐயர் ஒரு வரி சொன்னால் நாம் ஒரு வரி சொல்கிறோம். அதில் சமாதானம் பகிர்ந்துகொள்வதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுரியானித் திருச்சபையின் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது அது. ஆல்டரிலிருந்து ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என்று பெஞ்சு பெஞ்சாக வந்து கடைசி ஆள் வரை சேர வேண்டும். எனக்கு யார் கொடுக்கிறார், நான் யாருக்குக் கொடுக்கிறேன் என்று ஒவ்வொருவரும் கவனமாக இருந்தால்தான் அது நடக்கும். இன்றைக்கு அந்த இடத்தில் என்ன செய்கிறோம்? நான்கு பக்கமும் அவசரமாகத் திரும்பி ஒரு கும்பிடு. அதற்குள் கீபோர்டில் அடுத்த பாட்டு தொடங்கிவிடுகிறது. அந்த இரண்டு நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள். பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்து, சமாதானம் சொல்லி உட்கார்ந்தவருக்கு அடுத்த ஜெபத்தில் மனம் நிற்கும்.

பாடகர் குழுவில் இருக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் வேறு வேலையை விட்டுவிட்டு வந்து பயிற்சி எடுக்கிறீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். சபை பாட வேண்டிய பாட்டைச் சபையின் சுருதியில் எடுங்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். அவர் நமக்கு விட்டுப்போன கீர்த்தனைகளெல்லாம் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் சேர்ந்து பாடத் தோதானவை. தாளத்தைக் கையில் தட்டிக்கொண்டே எழுத்துத் தெரியாதவர்களும் பாடி மனப்பாடம் ஆனவை. இப்போது தனிக்குரலில் பாடுகிறவருக்குப் பொருத்தமான உயரத்தில் எடுக்கிறீர்கள். பெண்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? பல்லவி வரை பாட்டிமார் கூடவே வருகிறார்கள். சரணத்தில் மேலே போகும் வரி வந்ததும் தொண்டை எட்டாமல் நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டாவது சரணத்தில் வாயே திறப்பதில்லை. பாடாமல் நிற்கிறவர் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பார்? "மகளுக்கு எப்ப மாசம்?" என்று பக்கத்தில் கேட்கத் தொடங்கிவிடுகிறார். பேச்சுச் சத்தம் கூடாது என்று தூணில் ஒட்டுவதைவிட சுருதியை ஒரு கட்டை இறக்குவது பலன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாமாலை என்கிற நம் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற பாட்டுகளுக்கும் இது பொருந்தும். சிறப்புப் பாடல் ஒன்று தனியாகப் பாடுங்கள், கேட்டு மகிழ்கிறோம். மற்றவை எங்களுடையவை.

திரை வந்த பிறகு பாமாலையும் வேதாகமமும் கொண்டுவருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு அது உதவி, அதை மறுக்கவில்லை. ஆனால் பாட்டின் மூன்றாவது அடி வர வேண்டிய இடத்தில் போன வாரத்து வாழ்த்துப் படம் வந்து நின்றால், சபை முழுக்கச் சிரிப்பு பரவுகிறது. கணினியை இயக்கும் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கடைசி நிமிஷத்தில் பாட்டை மாற்றிக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

என் வகுப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். முதல் மணி அடித்ததும் வந்துவிடுவான். பாட்டு எண் பலகையைப் பார்த்து, பழைய நோட்டிலிருந்து கிழித்த சின்னச் சின்னத் தாள்களைப் பாமாலையில் அந்தந்தப் பக்கத்தில் சொருகி வைப்பான். வேதபாடத்துக்கும் அப்படியே. பழைய ஏற்பாடு ஒரு தாள், நிருபம் ஒரு தாள், சுவிசேஷம் ஒரு தாள். ஐயர் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் புத்தகத்தைத் திறந்து எனக்குக் காட்டுவான். ஒருநாள் பலகையில் எண்கள் போடப்படவில்லை, திரை இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். அன்று அவன் ஆராதனை முழுவதும் நெளிந்துகொண்டே இருந்தான். நம் அறிவிப்பின்படி அந்தப் பையன்தான் பின்னறைக்குப் போக வேண்டியவன்.

பிள்ளைகளைப் பின்னறைக்கு அனுப்புவதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. பிள்ளைகளை அதட்டிய சீஷர்கள்மேல் ஆண்டவர் விசனமடைந்தார் என்று மாற்கு 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கைக்குழந்தை பசித்து அழுதால் தாய் வெளியே போய்ப் பால் கொடுத்துவிட்டு வரட்டும், அதற்கு அந்த அறை உதவும். ஆனால் அங்கே ஸ்பீக்கர் இல்லை, ஆல்டர் தெரியாது. பெரும்பாலும் தாய்மார்தான் அங்கே போய் உட்காருகிறார்கள். பிள்ளை பெற்ற நாள் முதல் பிரசங்கமே கேட்காத பெண்கள் நம் சபையில் இருக்கிறார்கள். அவர்கள் கவனத்தை யார் நினைத்துப் பார்த்தார்கள்? பிள்ளைகளுக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள். நடப்பது கண்ணுக்குத் தெரிந்தால் அவர்கள் பார்ப்பார்கள். பின்னால் வைத்தால் அவர்களுக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் தலையும் மேலே ஓடுகிற பல்லியும்தான்.

பல்லி என்றதும் அகுஸ்தீன் ஞாபகம் வருகிறார். 354ல் வட ஆப்பிரிக்காவில் பிறந்து ஆயராக இருந்தவர், திருச்சபையின் பெரிய அறிஞர்களில் ஒருவர். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதும் சிலந்தி தன் வலையில் விழுந்ததைச் சுற்றிக் கட்டுவதும் தன் கவனத்தை இழுத்துவிடுகின்றன என்றும், ஜெபமேகூட இப்படி அற்பமான நினைவுகளால் அறுபடுகிறது என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். பாடலின் பொருளைவிடக் குரலின் இனிமை தன்னை அதிகம் அசைத்துவிட்டால் அதற்காக வருந்துவதாகவும் எழுதியிருக்கிறார். அவருக்கே அப்படி என்றால், பிள்ளைகளையும் வாலிபர்களையும் மட்டும் பிடித்து நிறுத்துவது நியாயமா?

மனம் அலைவதைப் பற்றி வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுக்கிறேன். சபையாருக்கும் பிரசங்கத்தில் ஒரு தடவை சொன்னால் நல்லது என்று ஐயரவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஜெபத்தின் நடுவே ஒரு நினைவு வந்தால் அதோடு சண்டை போட வேண்டாம். அதையே ஜெபமாக்கிவிடலாம். பரீட்சை ஞாபகம் வந்தால் பரீட்சைக்காக ஒரு வரி, கடன் தவணை ஞாபகம் வந்தால் அதற்காக ஒரு வரி. பிறகு ஐயர் ஜெபிக்கிற இடத்துக்குத் திரும்பிவிடலாம். தகராறு வைத்திருக்கிற ஒருவருடைய முகம் திரும்பத் திரும்ப வருகிறதா? அதைத் தள்ளவே கூடாது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது அதற்குத்தான். சில நேரம் நாம் கவனச்சிதறல் என்று நினைப்பது ஆண்டவர் நமக்குக் காட்டுகிற வேலையாக இருக்கும். இது நடக்க மௌனம் வேண்டும். பாவ அறிக்கைக்கு அழைப்பு வந்து முழங்காற்படியிட்டதும் வாசகம் ஓடத் தொடங்கிவிடுகிறது. எந்தப் பாவத்தை என்று நினைக்கக்கூட நேரம் இல்லை. ஒரு முழு நிமிஷம் சத்தமில்லாமல் விடுங்கள், கீபோர்டு உட்பட. முதல் சில வாரம் சபைக்குச் சங்கடமாக இருக்கும், தொண்டையைச் செருமுவார்கள். அப்புறம் பழகிவிடும். "கர்த்தரோ தம்முடைய பரிசுத்த ஆலயத்தில் இருக்கிறார், பூமியெல்லாம் அவர் முன்பாக மவுனமாயிருக்கக்கடவது" என்ற ஆபகூக்கின் வசனத்தைத்தானே நம் ஆல்டர் வளைவில் எழுதி வைத்திருக்கிறோம்?

ஒலிபெருக்கியைப் பற்றி சுருக்கமாகச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று நாம் சொல்லும் பரிசுத்த திரித்துவ ஆலயம் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் 1826ல் திறக்கப்பட்டது. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கட்டிய கோவில் 1880ல் பிரதிஷ்டையானது. அவ்வளவு பெரிய கட்டடங்களிலேயே பல தலைமுறைகள் மைக் இல்லாமல் பிரசங்கம் கேட்டிருக்கின்றன. நம் கோவில் அவற்றில் பாதிகூட இல்லை. இதற்குள் நான்கு பெரிய ஸ்பீக்கர்கள் எதற்கு? நற்கருணை ஜெபத்தின் நடுவே அது ஊளையிடும்போது எல்லாத் தலையும் திரும்புகிறது. சத்தத்தைக் குறைத்து, மிக்ஸர் அருகே பொறுப்பான ஒருவரைக் கடைசி வரை உட்காரவைத்தால் போதும்.

வேதபாடம் வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் எஸ்றா காலையிலிருந்து மத்தியானம் வரை வாசித்தார், ஜனங்கள் கவனமாய்ச் செவிகொடுத்தார்கள். அங்கே வாசித்தவர்கள் தீர்க்கமாக வாசித்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. நாமோ இரண்டாம் மணி அடித்த பிறகு, வாசலில் அகப்பட்டவரைப் பிடித்து, "இன்னைக்கு நீங்க வாசிச்சிருங்க" என்கிறோம். அவர் மெல்கிசேதேக்கு என்ற பெயரில் தடுக்கி விழும்போது சபை வசனத்தை விட்டுவிட்டு அவரைப் பார்க்கிறது. புதன்கிழமையே பகுதியைக் கொடுத்துவிட்டால் வீட்டில் இரண்டு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு வருவார்.

இனி, சொல்லக் கஷ்டமான விஷயம். அறிவிப்புகள். நல்ல பிரசங்கம் ஒன்று முடிகிறது. விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். மனம் அப்படியே ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் போக வேண்டிய இடம். அங்கே கமிட்டிச் செயலாளர் வந்து மைக்கைப் பிடிக்கிறார். ஓலை வாசிக்க வேண்டும், துக்கச் செய்தி சொல்ல வேண்டும், சரி. ஆனால் பிறந்தநாள், திருமணநாள் பட்டியல், ஃபேன் வாங்கிக் கொடுத்தவர், பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர், யார் எவ்வளவு ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தார் என்று தொகையோடு வாசிப்பதற்கு என்ன அவசரம்? வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று போதிக்கிற பீடத்துக்குப் பக்கத்தில் நின்று தொகையை வாசிக்கிறோம். தொகை வாசிக்கத் தொடங்கியதும் சபையே கணக்கில் இறங்கிவிடுகிறது. அவர் ஏன் அவ்வளவு, இவர் ஏன் இவ்வளவுதான் என்று பக்கத்தில் முணுமுணுப்பு. ஆண்கள் பக்கத்தில் சிலர் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போகிறார்கள், திருவிருந்து தொடங்கும்போதுதான் திரும்பி வருகிறார்கள். அவர்களைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

சிறப்பு விருந்தினர் வந்தால் பொன்னாடை. அவருக்காக முதல் பெஞ்சில் முன்னமே உட்கார்ந்திருந்த முதியவர்களை எழுப்பி வேறு இடம் காட்டுகிறார்கள். யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தால் பொன் மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் போட்டு வந்தவருக்கு நல்ல இடம் கொடுக்கும் கதை இருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. மரியாதை செய்ய வேண்டியவர்களுக்கு அசனத்தின்போது, சாப்பாட்டுப் பந்தலில் மனதாரச் செய்யலாம்.

தேர்தல் வருஷத்தில் இன்னும் மோசம். பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் நெருங்கினால் கோவில் வளாகத்திலேயே அணி பிரிந்து நிற்கிறார்கள். எந்த வரிசையில் யார் யாரோடு உட்காருகிறார் என்று பார்க்கிற கண்கள் ஜெபத்தில் மூடுவதில்லை. சமாதானம் கொடுக்கும்போது எதிர் அணிக்காரரைத் தாண்டிப் போய் அடுத்தவருக்குக் கை கொடுத்ததை என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்கள். என்னால் அவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. முதல் மணியிலிருந்து ஆசீர்வாதம் முடியும் வரை வளாகத்துக்குள் தேர்தல் பேச்சு இல்லை என்று இரண்டு அணியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், அதையும் தூணில் ஒட்டுங்கள்.

செல்போனுக்கு வருகிறேன். ஆலயத்துக்குள் செருப்போடு போவதில்லை, போனை மட்டும் கையிலேயே வைத்திருக்கிறோம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நல்ல வாதம்தான். ஆனால் முழுத் தடை வேண்டாம். சர்க்கரை நோயால் பார்வை மங்கிய அம்மா ஒருவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கித்தான் வசனம் வாசிக்கிறார். நர்ஸ் வேலை பார்க்கிற பெண்கள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரும். சத்தத்தை அணைத்துவிடச் சொல்லுங்கள், அழைப்பு வந்தால் வெளியே போய்ப் பேசச் சொல்லுங்கள், போதும். அதையும் முன்னாலிருந்து தொடங்குவோம். பிரசங்க நேரத்தில் கொயர் பெஞ்சில் குனிந்த தலைகளுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறது. காணிக்கை எண்ணப் போகிறவர்கள் ஐயர் அங்கி மாற்றும் அறையான வெஸ்டரி வாசலில் நின்று வாட்ஸ்அப் பார்க்கிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வாலிபனிடம் போனை அணை என்று எந்த முகத்தோடு சொல்வது?

கவனமாக உட்காரச் சபைக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். பெரிய வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணி வரை மும்மணி தியானம். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு செய்தி. பலர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருப்பார்கள். கரண்ட் போனால் ஃபேனும் இருக்காது. அப்படியும் உட்கார்ந்திருக்கிறார்கள், பாடுகிறார்கள், அழுகிறார்கள். சின்னப் பிள்ளைகள்கூட இது ஏதோ பெரிய காரியம் என்று புரிந்துகொண்டு அடங்கியிருக்கிறார்கள். அன்றைக்குப் பட்டியல் இல்லை, பொன்னாடை இல்லை, லைட் பிடிக்கிற பையன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாதவர்களும் இதே ஜனங்கள்தான்.

ஐயரவர்களின் பாரமும் எனக்குத் தெரியும். சேகரம் என்றால் ஒரு கோவில் இல்லை. இங்கே ஆசீர்வாதம் கூறிவிட்டு அங்கியைப் பையில் மடித்து வைத்து பைக்கில் அடுத்த ஊருக்கு ஓட வேண்டியிருக்கிறது. கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடத்தும்போது சபையும் கடிகாரத்தைப் பார்க்கிறது. இரண்டு ஆராதனைகளுக்கு நடுவில் அரைமணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்படி நேர அட்டவணையை மாற்ற முடியுமா என்று கமிட்டி யோசிக்கட்டும். எங்கள் ஊர் ஆராதனை சீக்கிரமே தொடங்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, வருகிறோம். தாமதமாக வருகிறவர்கள் பக்கவாசல் வழியாக, பாட்டு நடக்கும்போது மட்டும் உள்ளே வரட்டும்.

கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் இந்த மடலை வாசிக்க அனுமதி கேட்கிறேன். தூணில் இருக்கிற அறிவிப்பை எடுக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பற்றிய வரியை மட்டும் நீக்கிவிட்டு, கேமராவுக்கும் மைக்குக்கும் மேடைக்குமான வரிகளை அதில் சேர்த்து எழுதுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையோடு நம் திருச்சபை ஆண்டு தொடங்குகிறது. அன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முடியும் வரை செய்து பார்ப்போம். சரிப்படவில்லை என்றால் ஈஸ்டருக்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம். அறிவிப்புகளை ஒரே தாளில் தொகுத்து சனிக்கிழமை இரவுக்குள் நகல் எடுத்து வாசலில் வைக்கிற வேலையை ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். பாட்டு எண் பலகையில் எண்களைப் போடும் பொறுப்பை அந்தப் பையனுக்கே கொடுக்கலாம் என்று ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறோம். முன்வரிசையில் உட்காரும் பிள்ளைகளோடு முறை வைத்து நாங்களும் உட்காருவோம். கமிட்டியார் எந்த நாளில் கூப்பிட்டாலும் வருகிறோம்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை